ஆசிட் வீச்சு: சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது, பிறகு ஓட்டை எங்கே?

செவ்வாய்ப்பேட்டையான் | திங்கள், இரவு 9:40

எனக்குச் சேலத்தில் வெள்ளிக் கொலுசுத் தொழில். பட்டறையில் சேரும் தூளையும் மண்ணையும் கரைத்து வெள்ளியைப் பிரித்தெடுக்க நைட்ரிக் ஆசிட் இல்லாமல் முடியாது. அப்பா காலத்திலிருந்து ஒரே கடையில்தான் வாங்குகிறோம்.

இன்று கடைக்காரர் பதிவேட்டை என் முன்னாலேயே எழுதினார். தேதி, பெயர், முகவரி, அடையாள அட்டை எண், எத்தனை லிட்டர், எதற்கு என்று கட்டம் கட்டமாகப் போட்ட நோட்டு. கடைசிக் கட்டத்தில் பக்கத்தின் முதல் வரியில் மட்டும் "சொந்த உபயோகம்". அதற்குக் கீழே பக்கம் முடியும்வரை இரட்டைக் கோடு, இரட்டைக் கோடு. என் ஆதார் நகல் என்றைக்கோ கொடுத்தது. இப்போது யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் வேறு யாராவது வாங்கிப் போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

சரி, கடையிலாவது நோட்டு இருக்கிறது. எங்கள் தெருவில் மொபெட்டில் கேன் கட்டிக்கொண்டு "ஆசிட், பினாயில்" என்று கூவிக்கொண்டு வருகிறாரே, அவரிடம் என்ன இருக்கிறது? பழைய தண்ணீர் பாட்டிலை நீட்டினால் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பள்ளிக்கூடப் பையன் போனாலும் அப்படித்தான்.

பதிவேடு, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை, வாங்கும் காரணம், 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக் கூடாது, இதெல்லாம் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் போட்ட உத்தரவு. இத்தனை வருஷம் கழித்து நிலைமை இது. தண்டனை போதவில்லையா, இல்லை கோளாறு வேறு எங்காவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரைவீரன் | திங்கள், இரவு 10:05

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? 2008 டிசம்பரில் வாரங்கல்லில் என்ன நடந்தது? இரண்டு கல்லூரி மாணவிகள் மீது ஆசிட் வீசியதாகப் பிடித்த மூன்று பேரையும் சில நாளிலேயே போலீஸ் சுட்டுத் தள்ளியது. ஊரே பூப்போட்டுக் கொண்டாடியது. அப்படி நாலு இடத்தில் நடந்தால் எவன் கையில் பாட்டிலை எடுப்பான்? நீங்கள் பதிவேடு, நோட்டு, இரட்டைக் கோடு என்று பேசிக்கொண்டிருங்கள்.

நொய்யல்கரை | திங்கள், இரவு 11:20

நான் கோவையில் வழக்கறிஞர். குற்றவியல் வழக்குகள்தான் நடத்துகிறேன். மதுரைவீரன் தம்பிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் சட்டத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2013 வரை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆசிட் வீச்சுக்கென்று தனிப் பிரிவே கிடையாது. கொடுங்காயத்துக்கான 326, உயிர் போயிருந்தால் 302, போகாவிட்டால் 307 என்று ஏதோ ஒன்றில் அடைப்பார்கள். 326இல் ஆயுள் வரை கொடுக்கலாம்தான். ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று இல்லை. அதனால் முகம் முழுக்க வெந்துபோன பெண்ணின் வழக்கில்கூட எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், சில வருஷத்தில் வெளியே வந்துவிட முடிந்தது. 1992இல் சென்னையில் ஐஏஎஸ் அதிகாரி சந்திரலேகா மீது ஆசிட் வீசப்பட்டபோதும் இந்தப் பழைய பிரிவுகள்தான். அதிகாரிக்கே அப்படி என்றால் மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

2005இல் தில்லி கான் மார்க்கெட் பக்கம் தாக்கப்பட்ட லட்சுமி அகர்வால், மறு வருஷமே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். அப்போது அவர் சிறுமி. தனிப் பிரிவு வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 226ஆவது அறிக்கையில் சொன்னது 2009இல். அறிக்கை தூங்கியது. தில்லி பேருந்துக் கொடுமைக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தப் பரிந்துரைக்க நீதிபதி வர்மா குழு வந்து, 2013இல்தான் 326 ஏ, 326 பி என்ற பிரிவுகள் சட்டத்தில் ஏறின. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் இவை இப்போது 124ஆவது பிரிவு.

தண்டனை: வீசிக் காயப்படுத்தினால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அதோடு பாதிக்கப்பட்டவரின் மருத்துவச் செலவுக்கு ஈடாகிற அளவுக்கு அபராதம். அந்தப் பணம் அரசுக்குப் போகாது, அவருக்கே போக வேண்டும். வீச முயன்று படாமல் போனாலும் 5 முதல் 7 ஆண்டு. ஆசிட் வீச வருகிறவனைத் தடுக்கப் போய் அவன் உயிரே போனாலும் அது தற்காப்புரிமைக்குள் அடங்கும் என்றும் அதே திருத்தத்தில் சேர்த்தார்கள். வெளியில் பலருக்கு இது தெரியாது.

"ஆசிட்" என்பதற்கான விளக்கமும் அகலமானது. அமிலத் தன்மையோ, அரிக்கிற, எரிக்கிற தன்மையோ உள்ள, வடுவும் ஊனமும் உண்டாக்கக்கூடிய எந்தப் பொருளும் அதில் வரும். காயம் ஆறவே ஆறாதது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. குடிக்க வைத்தாலும் இதே பிரிவுதான்.

ஆக, தண்டனை குறைவு என்று எந்த வக்கீலும் சொல்ல மாட்டார்.

இனி தம்பிக்கு. 2023 மார்ச்சில் எங்கள் கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே, ஒரு வழக்குக்காக வந்திருந்த பெண்ணின் மீது அவர் கணவரே பாட்டிலில் கொண்டுவந்த ஆசிட்டை ஊற்றினார். சுற்றிலும் போலீஸ், வக்கீல்கள், நீதிபதிகள். அந்தப் பெண் ஒரு மாதத்துக்கு மேல் போராடி இறந்துபோனார். காப்பாற்ற ஓடிய எங்கள் ஆட்களில் சிலருக்கும் கையில் தெறித்தது. நீதிமன்றத்துக்குள் வைத்தே ஊற்றுகிறவன், சுட்டுவிடுவார்கள் என்று யோசித்துத் தயங்குவான் என நினைக்கிறீர்களா? வாரங்கல் என்கவுன்டர் நடந்து நாலு வருஷத்தில் காரைக்காலில் ஒரு பெண் மீது ஆசிட் வீச்சு நடந்தது. அதற்கடுத்த ஆறே மாதத்தில் மும்பை பாந்த்ரா டெர்மினஸ்.

மதுரைவீரன் | செவ்வாய், காலை 7:15

வக்கீலம்மா, மரியாதையோடு கேட்கிறேன். பாந்த்ரா வழக்கில் தூக்கு கொடுத்தார்களே, பிறகு என்ன ஆச்சு?

நொய்யல்கரை | செவ்வாய், காலை 8:50

கடற்படை மருத்துவமனையில் நர்ஸ் வேலையில் சேர ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய பெண். தாக்குதல் 2013 மே மாதம். சில வாரத்தில் அவர் இறந்துவிட்டதால் கொலை வழக்காயிற்று. 2016இல் மும்பை செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாக மாற்றியது.

இதோடு காரைக்கால் வழக்கை வைத்துப் பாருங்கள். 2012 நவம்பரில் தாக்குதல், 2013 பிப்ரவரியில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் அந்தப் பெண்ணின் மரணம், ஆகஸ்டில் ஆயுள் தண்டனை. நடந்து ஒன்பது மாதத்தில் தீர்ப்பு. அன்றைக்கு 326 ஏ கிடையாது, இருந்தாலும் பின்தேதியிட்டுப் போட முடியாது. பழைய பிரிவுகளை வைத்துக்கொண்டே, புலனாய்வு ஒழுங்காக நடந்து சாட்சிகள் நாளுக்கு நாள் வந்ததால் முடிந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம்.

நாடு பார்க்காத வழக்குகளின் கதை வேறு. ஷாஹீன் மாலிக் என்பவர் 2009இல் தாக்கப்பட்டவர். பிறகு அவரே இப்படிப்பட்ட பெண்களுக்காக அமைப்பு நடத்துகிறார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அவரே நின்று, தன் வழக்கு விசாரணை நீதிமன்றத்தில் இன்னும் முடியவில்லை என்று சொன்னபோது தலைமை நீதிபதி அமர்வே அதிர்ந்துபோய், எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் நிலுவையிலுள்ள ஆசிட் வழக்குகளின் கணக்கைக் கேட்டது. 16 வருஷம்! இத்தனை காலம் ஆன பிறகு வருகிற தண்டனை தூக்காக இருந்தால் என்ன, பத்து வருஷமாக இருந்தால் என்ன? குற்றம் செய்கிறவன் கணக்குப் போடுவது "மாட்டுவேனா, எப்போது மாட்டுவேன்" என்றுதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் வருஷத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆசிட் வழக்குகள் வருகின்றன. மேற்கு வங்கமும் உத்தரப் பிரதேசமும்தான் வழக்கமாக மேலே. 140 கோடிப் பேர் இருக்கிற நாட்டில், மனசு வைத்தால் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகக் கண்காணித்து ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடலாம்.

வார்டு சிஸ்டர் | செவ்வாய், மதியம் 2:30

நீங்கள் எல்லாரும் எதிரியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆசிட் பட்டவருக்கு முதல் அரை மணி நேரம்தான் எல்லாம். தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு செம்பு ரெண்டு செம்பு இல்லை, குழாயடியில் உட்கார வைத்து விடாமல் ஊற்ற வேண்டும். நனைந்த துணியையும், கழுத்துச் சங்கிலி வளையலையும் எடுத்துவிட வேண்டும். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தேங்காய் எண்ணெய், மஞ்சள், பேஸ்ட் என்று எதையாவது தடவிக்கொண்டு வருவார்கள். அதற்கடியில் ஆசிட் தின்றுகொண்டே இருக்கும். நெருப்பு அணைந்துவிடும், இது அணையாது.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். பக்கத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "போலீஸ் கேஸ், ஜி.எச். போங்க" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். ஒரு குளுக்கோஸ் பாட்டில்கூட ஏற்றவில்லை. ஆட்டோ பிடித்து எங்களிடம் வந்து சேரும்போது கண் இமை இரண்டும் போயிருந்தது.

அப்புறம் ஆரம்பிப்பதுதான் பெரிய கதை. தொடையிலிருந்து தோல் எடுத்து முகத்தில் வைப்போம். ஆறுகிற தோல் சுருங்கும். கழுத்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு தலையைத் தூக்க முடியாது, அதைப் பிரிக்க இன்னொரு ஆபரேஷன். உதடு இழுத்துக்கொண்டு வாய் திறக்காது, ஸ்பூனில்கூட ஊட்ட முடியாது, அதற்கு இன்னொன்று. இமை மூடாததால் ராத்திரியெல்லாம் கண்ணில் மருந்து போட்டு ஈரத்துணி வைத்துப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சமிருக்கிற பார்வையும் போய்விடும். வடு தடிக்காமல் இருக்க இறுக்கமான உறை மாதிரி உடுப்பு உண்டு, அதை மாதக்கணக்கில் நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அரசு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குக் காசில்லை, உண்மை. ஆனால் கூட இருக்கிற அம்மா கூலி வேலைக்குப் போக முடியாது. முட்டை, பால், பழம் கொடுக்கச் சொல்வோம், யார் வாங்குவது? டிஸ்சார்ஜ் ஆன பிறகு வாரா வாரம் வந்துபோக பஸ் காசு? பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள். கழுத்து ஒட்டியது ஒட்டியபடியே வாழ்ந்துவிடுவார்கள்.

அரசு லட்சக்கணக்கில் இழப்பீடு கொடுக்கிறது என்று நான் பேப்பரில்தான் படித்திருக்கிறேன். நான் இருந்தவரை வார்டில் அந்தத் தாய்மார்களிடம் வந்து, இந்த இடத்தில் மனு கொடுங்கள் என்று சொன்ன ஒரு அதிகாரியைப் பார்த்ததில்லை.

நொய்யல்கரை | செவ்வாய், மாலை 6:10

சிஸ்டர், நீங்கள் எழுதியதை எங்கள் வக்கீல் குழுவில் பகிர்ந்துகொள்கிறேன், அனுமதி உண்டுதானே?

வாசலிலேயே திருப்பி அனுப்பினார்களே, அது குற்றம். 2013 திருத்தத்திலேயே வந்துவிட்டது. அரசோ தனியாரோ, எந்த மருத்துவமனையானாலும் ஆசிட் பட்டவருக்கு உடனே இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ கொடுத்துப் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: முதலுதவி மட்டுமில்லை, மருந்து, படுக்கை, உணவு, முகச் சீரமைப்பு ஆபரேஷன் வரை தனியார் மருத்துவமனையும் இலவசமாகத் தர வேண்டும். முதலில் பார்த்த மருத்துவமனை, இவர் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர் என்று சான்று கொடுக்க வேண்டும், அந்தச் சான்றை வைத்து எங்கும் சிகிச்சை கேட்கலாம். இந்தப் பிரிவில் ஒரு மருத்துவமனை மீது வழக்குப் போட்டதை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. புகார் கொடுக்க வேண்டிய குடும்பம் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும். போலீசுக்கோ அது தலைவலி.

பணத்துக்கு வருவோம். 2013 உத்தரவு சொன்னது குறைந்தது 3 லட்சம். அதில் 1 லட்சம் சம்பவம் நடந்த, அல்லது அரசின் கவனத்துக்கு வந்த 15 நாளுக்குள், மீதி இரண்டு மாதத்துக்குள். அந்த 15 நாள் என்பது சிஸ்டர் சொன்ன முட்டைக்கும் பஸ் காசுக்கும்தான். மாநிலங்கள் இந்த 3 லட்சத்தையே உச்சவரம்பு மாதிரி பிடித்துக்கொண்டன. 2015 டிசம்பரில், பீகாரில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்ட இரண்டு சகோதரிகளின் வழக்கில், 3 லட்சம் என்பது கீழ்வரம்புதான், மேலே கொடுக்கத் தடையில்லை என்று சொல்லி மூத்தவருக்கு 10 லட்சம் கொடுக்க வைத்தது உச்ச நீதிமன்றம். 2018இல் தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் திட்டம் வந்தது. அதன்படி முகம் சிதைந்திருந்தால் 7 முதல் 8 லட்சம் வரை.

இது யார் கையில்? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், செயலாளராக ஒரு நீதிபதி இருப்பார். எஃப்.ஐ.ஆர். நகலும் மருத்துவச் சான்றும் போதும். எதிரி யாரென்றே தெரியாவிட்டாலும், பிடிபடாவிட்டாலும் கேட்கலாம். வழக்கு முடிய வேண்டியதில்லை. எனக்குத் திட்டத்தில் பிடிக்காத ஒரு இடம் உண்டு. தொகையில் முக்கால் பங்கை மூன்று வருஷம் வைப்புத்தொகையில் போட்டு, கால் பங்கைத்தான் கையில் கொடுப்பார்கள். சொந்தக்காரர்கள் பிடுங்கிவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ஆபரேஷனுக்கும் சாப்பாட்டுக்கும் செலவு முதல் மூன்று வருஷத்தில்தானே? மருத்துவத் தேவைக்கு முன்கூட்டியே எடுக்க அனுமதிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு மனு, ஒரு அலைச்சல்.

குலசேகரம் ஜோஸ் | செவ்வாய், இரவு 8:25

சேலத்து அண்ணன் கேட்ட கேள்வி எங்கேயோ போய்விட்டது. நான் குமரி மாவட்டம், கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. விடிகாலையில் பால் வெட்டி, வடிகட்டி, தட்டில் ஊற்றி, அதில் தண்ணீர் கலந்த பார்மிக் ஆசிட்டை விட்டால்தான் பால் உறைந்து ஷீட் அடிக்க வரும். இங்கே ஆசிட் கேன் இல்லாத ரப்பர் வீடு கிடையாது. திண்ணையில், விறகுப் புரையில், சில வீட்டில் அடுக்களைக்குப் பின்னால் கிடக்கும். நீர்க்காமல் கையில் பட்டால் கொப்புளம் கிளம்பிவிடும்.

இப்படித் தொழிலோடு தொழிலாகக் கிடக்கிற பொருளைத் தடை செய் என்றால் எப்படி? பேட்டரிக் கடை, பாத்திரப் பட்டறை, நகைப் பட்டறை, ரப்பர், எல்லாருக்கும் வேண்டும். வீசுகிறவன் கடைக்கே போக வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுப் புரையில் எடுத்துக்கொள்வான். அதனால் பதிவேட்டை நம்பி இருக்காதீர்கள் என்பது என் கட்சி.

செவ்வாய்ப்பேட்டையான் | செவ்வாய், இரவு 9:15

ஜோஸ் அண்ணே, நானும் தடை செய்யச் சொல்லவில்லை, என் பிழைப்பே போய்விடும். ஆனால் நமக்குத் தொழில், தெருவில் கழிவறை கழுவ விற்கிறார்களே அது யாருக்குத் தொழில்? பல்லிளிக்கிற டைல்ஸுக்கு இவ்வளவு காட்டமான சரக்கு எதற்கு? சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் போகாதா? முதலில் அந்தச் சில்லறை விற்பனையை நிறுத்தட்டும். தொழிலுக்கு வாங்குகிறவனுக்கு லைசன்ஸ் கொடுத்து, வாங்கியது எவ்வளவு, தீர்ந்தது எவ்வளவு என்று கணக்குக் கேட்கட்டும். வெள்ளிக்கு நான் கிராம் கணக்கில் எழுதுகிறேன், ஆசிட்டுக்கு லிட்டர் கணக்கு எழுத முடியாதா?

இன்னொன்று. 2022 டிசம்பரில் தில்லி துவாரகாவில் பள்ளிக்குப் போன 17 வயதுப் பெண் மீது வீசிய ஆசிட், ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்கியது என்று போலீசே சொன்னது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய ஆன்லைன் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அங்கே எந்த நோட்டில் யார் கையெழுத்து வாங்குவது?

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 10:00

விற்பனை பற்றி ஒரே ஒரு விவரம். ஆசிட் விற்பனையை மாநிலங்கள் கட்டுப்படுத்துவது 1919ஆம் வருஷத்து நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ். வெள்ளைக்காரன் அதில் முதல் குற்றத்துக்கு எழுதிய அபராதம் 500 ரூபாய் வரை, சிறை மூன்று மாதம் வரை. இருப்பைத் தெரிவிக்காமல் வைத்திருந்தால் சப் கலெக்டரோ ஆர்.டி.ஓ. என்கிற வருவாய்க் கோட்டாட்சியரோ 50,000 வரை அபராதம் போடலாம் என்பது உச்ச நீதிமன்றம் மேலே சேர்த்தது. ஆர்.டி.ஓ.வுக்கு இருக்கிற வேலையில் ஆசிட் கடைக்குப் போய் நோட்டைப் புரட்டுவதற்கு எப்போது நேரம் வரும் என்று நினைக்கிறீர்கள்? வீசியவனுக்குப் பத்து வருஷம், விற்றவனை யாரும் கேட்பதில்லை.

டாக்காவில் திருப்பூரான் | புதன், காலை 6:45

படித்துக்கொண்டே வந்தேன், இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். டாக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் ஊர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர்.

வங்கதேசத்தில் 2002இல் ஒரே வருஷத்தில் ஆசிட் தாக்குதல் ஐந்நூறை நெருங்கியது. நம்மில் எட்டில் ஒரு பங்கு ஜனத்தொகை, கணக்கைப் பாருங்கள். நிலத் தகராறு, வரதட்சணை, கல்யாணத்துக்கு மறுத்த பெண் என்று எல்லாவற்றுக்கும் ஆசிட். அந்த வருஷமே இரண்டு சட்டம் போட்டார்கள். ஒன்று குற்றத்துக்கு: தூக்கு வரை தண்டனை, தனித் தீர்ப்பாயம், புலனாய்வுக்கு 30 நாள், விசாரணைக்கு 90 நாள் கெடு. இன்னொன்று ஆசிட்டுக்கே: இறக்குமதி செய்ய, வைத்திருக்க, விற்க, கொண்டுபோக, பயன்படுத்த லைசன்ஸ். லைசன்ஸ் இல்லாமல் விற்றால் 3 முதல் 10 வருஷம் உள்ளே. நம் ஊர் 500 ரூபாயோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு வருஷா வருஷம் இறங்கி, இரண்டு இலக்கத்துக்கு வந்துவிட்டது. மதுரைவீரன் உடனே "பார்த்தீர்களா, தூக்கு" என்பார். இங்கே இருக்கிறவர்களைக் கேட்டால் அப்படிச் சொல்வதில்லை. 90 நாள் கெடு பெரும்பாலும் ஏட்டோடு சரி, வழக்குகளில் விடுதலையும் ஏராளம் என்கிறார்கள். 1999இலேயே ஆசிட் பட்டவர்களுக்கென்று ஒரு அறக்கட்டளை தொடங்கி, சொந்தமாக மருத்துவமனை நடத்தி, ஒவ்வொரு சம்பவத்தையும் கணக்கெடுத்தார்கள். 'புரோதம் ஆலோ' பத்திரிகை தனியாக நிதி திரட்டியது. கடைக்காரனும் பயந்தான், பத்திரிகையும் விடவில்லை, பட்டவர்களும் வெளியே வந்து பேசினார்கள். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. விற்பனையைத் தொடாமல் நடந்திருக்காது என்பது மட்டும் என் அபிப்பிராயம்.

கார்த்திக் 2000 | புதன், காலை 9:30

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர் | புதன், காலை 9:45

"அந்தப் பொண்ணும் முதலில் பேசிப் பழகியிருக்குமே" வகைப் பதிவுகள் இந்த இழையில் நிற்காது. எச்சரிக்கை ஒருமுறைதான்.

மதுரைவீரன் | புதன், காலை 10:20

நெறியாளருக்கு நன்றி, அந்த ஆளுக்கு நானே பதில் எழுத உட்கார்ந்திருந்தேன்.

வக்கீலம்மா, திருப்பூர் அண்ணன் இரண்டு பேரும் சொன்னதைப் படித்தேன். தூக்கு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. 2022இல் பெங்களூரில் காதலிக்க மறுத்த பெண் மீது ஆசிட் ஊற்றியவன் எங்கே பிடிபட்டான்? நம் திருவண்ணாமலையில், காவி கட்டிக்கொண்டு ஆசிரமத்தில் உட்கார்ந்து தியானம் பண்ணிக்கொண்டிருந்தான். இப்படிப்பட்டவனை அரசு செலவில் சோறு போட்டு வைத்திருக்க வேண்டுமா? ஆனால் தெருவில் கேன் விற்பதை முதலில் நிறுத்து என்பதற்கு என் ஓட்டும் உண்டு. எங்கள் ஏரியா கவுன்சிலரிடம் கேட்டேன், "அது ஹெல்த் டிபார்ட்மென்ட் பார்ப்பாங்க" என்றார். ஹெல்த்தில் கேட்டால் "போலீஸ்" என்பார்கள், தெரியும்.

கவுன்ட்டர் நம்பர் 4 | புதன், மதியம் 1:40

வங்கி ஊழியன். ஒரு சின்ன விஷயம், ஆனால் யாரும் தொடவில்லை. இப்போது கணக்குத் தொடங்க, சிம் வாங்க, எல்லாவற்றுக்கும் செல்போன் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறது. உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கிறதாம். சிஸ்டர் எழுதினார்களே, இமையே இல்லாதவர் எதைச் சிமிட்டுவார்? எந்திரம் "மீண்டும் முயலவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பின்னால் வரிசை நிற்கும். கை ரேகையும் வெந்து போயிருந்தால் அந்த வழியும் அடைப்பு.

இதே காரணத்தால் கணக்குத் தொடங்க முடியாமல் போன பிரக்யா பிரசூன் என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு. எழுதியவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி ஆர். மகாதேவன். டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி, கண் சிமிட்டாமல் வேறு வழியிலும் சரிபார்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்று ரிசர்வ் வங்கி, தொலைத்தொடர்புத் துறை எல்லாவற்றுக்கும் 20 உத்தரவு போட்டார்கள். இழப்பீட்டுப் பணம் வங்கிக் கணக்குக்குத்தானே வர வேண்டும்? கணக்கே தொடங்க முடியாவிட்டால் 7 லட்சமாவது 8 லட்சமாவது. உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இப்படி நடந்தால் கிளை மேலாளரிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் காகிதப் படிவத்திலேயே செய்யச் சொல்லுங்கள், முடியும்.

புதுவரவு_தஞ்சை | புதன், இரவு 9:05

வணக்கம். இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். என் சித்தி மீது ஊற்றியது எங்கள் சித்தப்பாதான். நாலு வருஷம் ஆகிறது. வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது, வாய்தா வாய்தாவாகப் போகிறது. இழப்பீடு என்று ஒன்று இருப்பதே இந்த இழையில்தான் தெரிந்தது. அவருக்கு ஒரு கண் தெரியாது, கழுத்து சிஸ்டர் சொன்ன மாதிரிதான். இப்போது கேட்டால் கிடைக்குமா? காலம் கடந்துவிட்டது என்பார்களா? வக்கீலம்மா, தயவு செய்து சொல்லுங்கள்.

நொய்யல்கரை | புதன், இரவு 9:50

கடக்கவில்லை அம்மா. சம்பவம் நடந்து மூன்று வருஷம் அல்லது வழக்கு முடிந்து மூன்று வருஷம் என்பதுதான் கெடு. உங்கள் வழக்கு இன்னும் முடியவே இல்லை. யாராவது நாள் தாண்டிவிட்டது என்று தட்டிக் கழித்தாலும், காரணத்தை எழுதித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். "இப்படி ஒரு திட்டம் இருப்பதே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்று உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

நாளைக்கே சித்தியை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், குற்றப்பத்திரிகை இருந்தால் அதுவும், டிஸ்சார்ஜ் சம்மரிகள் எல்லாம், ஆதார், ரேஷன் கார்டு. மனு எழுத அங்கேயே இலவச வக்கீல் தருவார்கள், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். போக முடியாவிட்டால் முதலில் 15100 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். மனுவில் இடைக்காலத் தொகையையும் தனியாகக் கேளுங்கள், கேட்காவிட்டால் மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று, மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தாரா? 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர் என்று தனி வகையே இருக்கிறது. சித்திக்கு வேலை பார்க்கிற வயசு என்றால் அரசு வேலை ஒதுக்கீட்டிலும் இடம் உண்டு.

சித்தப்பா ஜாமீனில் வெளியே இருக்கிறாரா? சித்தியும் அவரும் ஒரே தெருவிலா? இதை இங்கே எழுத வேண்டாம், தனிமடலில் சொல்லுங்கள்.

வார்டு சிஸ்டர் | புதன், இரவு 10:15

தஞ்சைப் பொண்ணே, கழுத்தை நாலு வருஷம் கழித்தும் பிரிக்கலாம். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி. எந்த நாள் என்று விசாரித்துவிட்டுப் போ. பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ, மயக்க மருந்து டாக்டருக்கு அது வேண்டும். ராத்திரி கண்ணுக்கு மருந்து போடுகிறாரா என்று மட்டும் கேட்டுச் சொல்.